சிவப்புத் துணியின் உயரம்

மார்ச் 4

அண்ணா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். நேற்று ஊர்க்கூட்டத்தில் உன் குரல் கணீரென்றுதான் இருந்தது.

போன் பண்ணாமல் ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். போனில் நாம் இரண்டு பேரும் அடுத்தவரை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. நடுவில் அண்ணி போனைப் பிடுங்கி, "ரெண்டு பேரும் போய்த் தண்ணி குடிச்சுட்டு வாங்க" என்பார். கடிதத்தில் நீ குறுக்கே புக முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

நேற்று நடந்ததை நீ வீட்டில் உனக்குத் தோதாகச் சொல்லியிருப்பாய். அண்ணியும் இதைப் படிக்கட்டும் என்று நடந்தபடியே எழுதுகிறேன். நம் தெருவுக்கு எதிரே மூடிக் கிடக்கிற சோப்பு ஃபாக்டரி நிலத்தில் ஐந்து மாடி கட்டி அறுபது குடும்பத்தை வைக்கலாமா என்று கேட்டார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளராக நீ எழுந்து, கூடவே கூடாது என்றாய். உன் முறை, பேசினாய். அடுத்து நான் எழுந்தேன். கல்லூரி மருத்துவ அறையில் நர்ஸாக இருக்கிறேன் என்று சொல்லி வாயை மூடவில்லை, நீ கையைத் தூக்கினாய்.

"தலைவரே, அந்தம்மா இந்த ஊர்ல குடியில்ல. குடியிருக்கிறவங்கதான் பேசலாம்னு விதி இருக்கு."

அந்தம்மா. நாற்பத்தாறு வருடமாக என்னைப் பாப்பா என்று கூப்பிட்ட வாய்க்கு அந்த வார்த்தை எப்படி வந்தது? தலைவர் விதியைப் பார்த்தார், பட்டியலில் என் பெயரை அடித்தார், நான் உட்கார்ந்தேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நான் ஏன் இந்த ஊரில் குடியில்லை என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கலாமே. நான் குடியிருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் பலகை வைத்துத் தடுத்து ஏழு மாணவர்களுக்கு விட்டார். ஊர் முழுக்க அலைந்தேன். குடும்பத்துக்கு என்று ஒரு வீடு இல்லை, தனியாளுக்கு என்று ஓர் அறை இல்லை. இப்போது பக்கத்து ஊரில் டயர் கடைக்கு மேலே இருக்கிறேன். காலையில் இரண்டு பஸ், சாயங்காலம் இரண்டு பஸ். பிறந்தது இங்கே, வேலை இங்கே, ஊசி போடுவது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு. தூங்க மட்டும் அடுத்த ஊர். வீடு இல்லாததால்தான் குடியில்லை, குடியில்லாததால் வீடு வேண்டும் என்று பேசவும் கூடாது. நன்றாக இருக்கிறது உங்கள் விதி.

ஏப்ரல் பதினேழு அன்று மறுபடி கூட்டம், கை தூக்கி முடிவு. அன்று என் பேச்சு அந்தக் கூடத்தில் கேட்கும். எப்படி என்று எனக்கே தெரியாது. ஆனால் கேட்கும்.

உன் தங்கை

(அந்தம்மா)


மார்ச் 9

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. உன் அண்ணி வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள், கிழிக்கிற வசதி இல்லை.

நான் விதியைத்தான் சொன்னேன். உனக்காக ஒன்று, ஊருக்காக ஒன்று என்று பேச முடியாது. 'என் தங்கச்சி' என்று சொல்லி உட்கார வைத்திருந்தால் உனக்குத்தான் அவமானம் என்று நினைத்தேன். அதனால் அந்த வார்த்தை வந்தது. சரி, அது போகட்டும்.

நீ என்னை ஏதோ ஏழை வயிற்றில் அடிக்கிறவன் மாதிரி எழுதியிருக்கிறாய். என் பக்கத்தையும் கேள். நான் தைப்பது பட்டமளிப்பு அங்கி. கறுப்புத் துணியில் கறுப்பு நூல். ட்யூப் லைட்டில் அந்தத் தையல் கண்ணுக்குத் தெரியாது, எல்இடி பல்பிலும் தெரியாது. எல்லாம் வாங்கிப் பார்த்தாகிவிட்டது. எனக்கு வெயில் வேண்டும். வெயில் வருவது ஃபாக்டரி பக்கத்து ஜன்னல் ஒன்றில்தான். வெட்டு மேசை அப்பா போட்ட இடத்திலேயே கிடப்பது அதற்காகத்தான். அந்த ஜன்னலுக்கு நேரே ஐந்து மாடி வந்தால் நான் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் தைக்க வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு வேறென்ன தொழில் தெரியும்? உனக்குப் பஸ், எனக்கு வெயில். யாருக்குத்தான் கஷ்டம் இல்லை?

தெருவில் எல்லாரும் என் பக்கம்தான். அறுபது குடும்பம் வந்தால் வண்டி நிறுத்த இடம் ஏது, தண்ணீர் ஏது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஐந்து மாடி என்று வாயால் சொன்னால் யாருக்கும் உறைக்கவில்லை. அதனால் சங்கத்தில் ஒரு முடிவு. கட்டடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளத்துக்கு ஒரு சிவப்புத் துணி தைத்து, ஃபாக்டரி புகைபோக்கியில் கயிறு கட்டி ஏற்றப்போகிறேன். துணியின் நுனி தரையைத் தொடும், தலை எங்கே நிற்கிறதோ அதுதான் மொட்டை மாடி. ஜனங்கள் தலையைத் தூக்கிப் பார்த்துத் தாங்களே முடிவு செய்யட்டும். அளவு வரைபடத்திலிருந்து எடுத்தது, பதினைந்து மீட்டர். ஒரு விரல் கூட்டமாட்டேன், ஒரு விரல் குறைக்கமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு பஸ் என்றாய், உட்கார இடம் கிடைக்கிறதா?

அண்ணன்


மார்ச் 21

அண்ணா,

பார்த்தேன். பஸ் வளைவில் திரும்பியதும் பஸ்ஸில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். என் பக்கத்து சீட்டில் கல்லூரித் தோட்டக்காரர். வீடு வேண்டும் என்று என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவர். அவரே குனிந்து ஜன்னல் வழியாக மேலே பார்த்து, "இவ்ளோ உயரமாம்மா வருது?" என்றார். நீ ஜெயித்துவிட்டாய் என்றே நினைத்தேன்.

ஆனால் நானும் அந்த வீட்டில் வளர்ந்தவள். சாப்பாட்டு நேரத்தில் அந்தத் துணிக்கு அடியில் போய் நின்றேன். மழை பெய்திருந்ததால் மண்ணிலிருந்து இன்னும் சோப்பு வாசனை வந்துகொண்டிருந்தது. கடைசித் துண்டைக் கையில் பிடித்துப் பார்த்தேன். ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் தடவினேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. காவலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நம் வீட்டில் அங்கியை விற்பதில்லை, வாடகைக்கு விடுகிறோம். இந்த வருடம் குள்ளமான பையன் போட்டதை அடுத்த வருடம் நெட்டையான பெண் போடுவாள். அதற்காக அப்பா காலத்திலிருந்தே எதை வெட்டினாலும் ஒரு சாண் கூட்டித்தான் வெட்டுவோம். அந்த ஒரு சாணை உள்ளே மடித்துத் தைப்போம், தேவைப்படுகிறபோது அவிழ்த்து இறக்குவோம். தலையணை உறைக்குக்கூட நீ ஒரு சாண் கூட்டுவாய். அண்ணி எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார்.

நீ பதினைந்து மீட்டரைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்திருக்கிறாய். கைப்பழக்கத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சாண் கூட்டியிருக்கிறாய். பிறகு, கொடிதானே என்று அவசரத்தில் மடிப்பை மடிக்காமலே ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்துவிட்டாய். பன்னிரண்டு சாண், அண்ணா. ஏறக்குறைய ஒரு மாடி. ஐந்து மாடியை எதிர்க்க நீ ஆறு மாடித் துணியைத் தொங்கவிட்டிருக்கிறாய்.

வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். உனக்குப் பொய் சொல்லவே வராது, காது சிவந்துவிடும். ஆனால் ஊர் அப்படி நினைக்காது. நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். சொல்ல வேண்டியவன் நீ.

இன்னொன்று. விதியை நானும் படித்தேன். கூட்டத்துக்கு முன்னால் மூன்று வாரம் ஊரில் குடியிருந்தால் பேசலாமாம். நம் மாடி அறையில் என் கட்டில் இன்னும் இருக்கிறது. அந்த மூன்று வாரத்துக்கு அதை எனக்குக் கொடு. உன் வீட்டில் தூங்கி, உன் வீட்டில் டீ குடித்து, உனக்கு எதிராகப் போய்ப் பேசுகிறேன். கேட்கக் கூச்சமாக இல்லையா என்பாய். இல்லை.

தங்கை


மார்ச் 25

தங்கைக்கு,

கூச்சமே கிடையாது உனக்கு. சின்ன வயதிலிருந்தே கிடையாது.

அறை கொடுக்க முடியாது. கட்டில் மேல் முந்நூறு அங்கி அடுக்கியிருக்கிறது. இன்னும் நூறு தைக்க வேண்டும். அதோடு, சங்கத்துச் செயலாளர் வீட்டு மாடியிலேயே எதிர்க்கட்சி குடியிருந்தால் தெருவில் நான் முகத்தை எங்கே கொண்டு வைப்பது?

துணி விஷயம். நேற்று மதியம் கடையைச் சாத்திவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். அளந்தேன். நீ சொன்னது சரி.

இப்போது நான் சொல்வதைக் கேள். இறக்கினால் ஏன் இறக்கினாய் என்பார்கள். அளவு தப்பு என்று சொன்னால், அளக்கத் தெரியாத தையல்காரன் என்று ஆகிவிடும். கல்லூரி ஆபீஸில் அடுத்த வருட அங்கிக்கு வேறு ஆளைப் பார்ப்பார்கள். தெருவில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் அந்தத் துணியைப் பார்த்துவிட்டுப் போட்டவர்கள். அவர்களிடம் போய் என்ன சொல்வேன்?

நீ யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் நான் நாலு முறை படித்தேன். இரண்டு நாளாக வெட்டு மேசைக்கு முன்னால் நின்றால் ஜன்னலில் அந்தச் சிவப்புதான் தெரிகிறது. வேலை ஓடவில்லை. உன் அண்ணி என்னோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டாள்.



அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணா,

அறை இல்லை என்றாய். சரி. அதற்காக நான் அழுதேன். அழுதுவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன்.

கூட்டத்தில் பேச இருந்ததை இங்கே எழுதுகிறேன். ஒரு ஆளிடமாவது சொல்லி முடிக்க வேண்டும், இல்லையென்றால் தொண்டையிலேயே நிற்கும்.

என் மருத்துவ அறைக்குத் திங்கட்கிழமைதோறும் ஒரு மாணவன் தலைவலி மாத்திரைக்கு வருவான். கண்ணெல்லாம் சிவந்திருக்கும். எங்கே தூங்குகிறாய் என்று கேட்டேன். அவனும் இன்னொருவனும் ஒரே படுக்கையை முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றவன் பகலில் வேலைக்குப் போகும்போது இவன் தூங்குகிறான், இவன் எழுந்தால் மற்றவன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தலையணை. இவ்வளவு நாளில் ஒருமுறைகூட உட்கார்ந்து பேசியதில்லையாம். கணக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை ஒருவர் விளையாட்டுக் கூடத்துக் குளியலறையில் குளித்துவிட்டு வகுப்புக்கு வருகிறார். முந்தின இரவை எங்கே கழித்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் காரின் பின் சீட்டில் போர்வை மடித்திருக்கிறது. தோட்டக்காரர் எனக்கு முன்னால் பஸ் ஏறுகிறார், எனக்குப் பின்னால் இறங்குகிறார்.

இந்த ஊர் எங்களைக் காலையில் கூப்பிட்டு வேலை வாங்குகிறது. சாயங்காலம் ஆனதும் பெருக்கி வெளியே தள்ளுகிறது. வண்டி நிறுத்த இடம் எங்கே என்று கேட்கிறீர்கள். எங்களில் முக்கால்வாசிப் பேரிடம் வண்டியே இல்லை. பக்கத்தில் வீடு இருந்தால் நடந்து வருவோம். தண்ணீர் எங்கே என்று கேட்கிறீர்கள். பகல் முழுக்க இந்த ஊர்த் தண்ணீரைத்தானே குடிக்கிறோம்? ஒரே ஆளுக்கு ஒரு வீடு, சுற்றிலும் தோட்டம் என்று கட்டிக்கொண்டே போனால் இந்த ஊரில் இடம் முடிந்துவிடும். முடிந்தே விட்டது. மேலே போவதைத் தவிர வழியில்லை. ஐந்து மாடி. ஆறு இல்லை, ஐந்து.

இதுதான் என் பேச்சு. பெரிதாக ஒன்றுமில்லை.

இனி எழுதுவது உனக்கு மட்டும். வரைபடம் போட்ட இன்ஜினியரம்மாவைப் போய்ப் பார்த்தேன். கறுப்புத் துணி, கறுப்பு நூல், ஒரு ஜன்னல் என்று சொன்னேன். அவர் முதலில் விழித்தார். நான் ஒற்றைக் காலில் நின்றேன். போன வாரம் கூப்பிட்டனுப்பினார். நம் தெருப் பக்கத்தில் மேல் இரண்டு மாடியைப் பின்னால் தள்ளி வரைந்திருக்கிறார். பத்து மணிக்கு வெயில் உன் மேசைக்கு வந்துவிடுமாம். பத்து மணிக்கு முன்னால் நீ டீயும் பேப்பருமாகத்தான் உட்கார்ந்திருப்பாய், எனக்குத் தெரியாதா? இதனால் எங்களுக்கு நாலு வீடு போகிறது. அறுபது ஐம்பத்தாறு ஆகிறது. அந்த நாலில் ஒன்று எனக்குக் கிடைக்க இருந்ததாகவும் இருக்கலாம். பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் கேட்டு வாங்கினேன்.

இதற்காக நீ மனம் மாற வேண்டியதில்லை. எதிர்த்தே பேசு. சரியான உயரத்தை எதிர்த்துப் பேசு.

பதினேழாம் தேதி உள்ளே விடமாட்டார்கள். வெளியே ஜன்னல் ஓரம் நிற்பேன்.

தங்கை


ஏப்ரல் 18

பாப்பாவுக்கு,

நேற்று நீ ஜன்னலுக்கு வெளியே நின்றதைப் பார்த்தேன். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. தோட்டக்காரர் ஏதாவது சொல்லியிருப்பார், ஆனால் அவரும் உன் பஸ்ஸில்தான் போயிருப்பார். அதனால் நான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய்.

முந்தாநாள் துணியை இறக்கினேன். பன்னிரண்டு துண்டையும் பிரித்து, பன்னிரண்டு மடிப்பையும் ஒழுங்காக மடித்துத் தைத்து, நேற்றுக் காலையில் மறுபடி ஏற்றினேன். தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். துணி சுருங்கிவிட்டதா என்று ஒருவர் கேட்டார். நனைந்தால் சுருங்கும் துணிதான், அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கலாம். உன் அண்ணி என் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கூட்டத்தில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் என் முறை வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நான் எழுந்து நின்றபோதுதான் ஜன்னலில் பார்த்தேன். நீ பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாய். நாங்கள் எல்லாரும் உள்ளே உட்கார்ந்திருக்கிறோம், இன்னும் ஒரு மணி நேரம் பேசுவோம், பிறகு நடந்து வீட்டுக்குப் போவோம். நீ முடிவைக்கூடக் கேட்க முடியாமல் ஓடுகிறாய். உன் கடிதத்தில் எத்தனையோ எழுதியிருந்தாய், பாப்பா. எனக்கு உறைத்தது அந்த ஓட்டத்தில்தான்.

முதலில் துணியைச் சொன்னேன். அளவு தப்பு, தப்பு என்னுடையது, ஒரு மாடி கூட்டிக் காட்டிவிட்டேன் என்று சொன்னேன். கூடம் முழுக்க ஒரே சத்தம். அது அடங்கும் வரை நின்றேன். பிறகு, சரியான உயரத்துக்கும் நான் எதிர்ப்புத்தான், எனக்கு வெயில் போகும் என்று பயம், அந்தப் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை என்று சொன்னேன். அப்புறமும் என் நேரத்தில் பாதி மிச்சம் இருந்தது. சட்டைப் பையில் உன் கடிதம் இருந்தது. எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். முறை வைத்துத் தூங்குகிற பையன், காரில் போர்வை, எல்லாம்.

தலைவர் நிறுத்தினார். ஊரில் குடியில்லாதவர் பேச்சை இங்கே கொண்டுவரக் கூடாது என்றார். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை.

"இது எனக்கு வந்த கடிதம். மேலே என் வீட்டு விலாசம் இருக்கு. நான் இந்த ஊர்ல குடியிருக்கேன். எழுதினது என் தங்கச்சி."

உட்காரச் சொன்ன கையை அவர் கீழே போட்டார். நான் 'ஐந்து மாடி, ஆறு இல்லை, ஐந்து' என்ற வரி வரைக்கும் படித்து முடித்தேன். 'உனக்கு மட்டும்' என்று எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. ஆனால் மேல் மாடியைப் பின்னால் தள்ளியதை இன்ஜினியரம்மாவே எழுந்து படத்தோடு காட்டினார். யார் கேட்டு மாற்றினீர்கள் என்று ஒருவர் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கை தூக்கச் சொன்னார்கள். நான் எதிர்த்துத்தான் தூக்கினேன். சங்கத்தில் சொன்ன வார்த்தை என்று ஒன்று இருக்கிறது. அப்படியும் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், ஒன்பது கை அதிகம். அதில் ஒன்று உன் அண்ணியுடையது. எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு தூக்கினாள்.

இன்று காலை செயலாளர் பதவி வேண்டாம் என்று சங்க அறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். தெருவில் எனக்கு ஆறுமாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில்கூட, "ஆறுமாடிக்கு ஒரு டீ" என்கிறார்கள். கல்லூரி ஆபீஸில் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. இந்த வருட அங்கிகளை எல்லாம் எடுத்து மறுபடி அளந்துகொண்டிருக்கிறேன். எல்லாம் அதனதன் அளவில்தான் இருக்கிறது.

அளப்பதற்காக அங்கிகளைக் கூடத்துக்கு இறக்கினேன். அவற்றைத் திரும்ப மாடிக்கு ஏற்றப்போவதில்லை. கட்டில் காலி. கட்டடம் எழும்ப இரண்டு வருடமாவது ஆகும் என்கிறார்கள். அதுவரைக்கும் டயர் கடை வேண்டாம், வந்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாமான் தூக்க நான் இருப்பேன். மாடி அறை ஜன்னலிலிருந்து ஃபாக்டரி நிலம் நன்றாகத் தெரியும். கட்டுவதை நீ பார்க்கலாம், நான் குறை சொல்லலாம்.

இனி எதற்கு என்று சிவப்புத் துணியை இறக்கிவிட்டேன். அதில் மாடி அறை ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டியிருக்கிறேன். உன் வீடு கட்டி முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு போ. உன் புது வீட்டு ஜன்னல் எவ்வளவு உயரம் இருக்குமோ எனக்குத் தெரியாது. கீழே ஒரு சாண் மடித்து விட்டிருக்கிறேன்.

அண்ணன்